பல்கலைக்கழகம் வாங்கிய பழைய புத்தகங்கள்

கோட்டையூர் ரோஜா முத்தையா 1992இல் காலமானபோது அவர் விட்டுச்சென்ற சேகரத்தில் ஏறத்தாழ ஒரு லட்சம் உருப்படிகள் இருந்தன. நூல்கள், இதழ்கள், நாடக நோட்டீசுகள், சினிமாப் பாட்டுப் புத்தகங்கள், அழைப்பிதழ்கள் என்று எல்லாம் கலந்த குவியல். விளம்பரப் பலகை எழுதும் ஓவியர் ஒருவர் 1950 முதல் தம் கைக்காசைப் போட்டுச் சேர்த்தவை. 1994இல் அதை வாங்கியது சிகாகோ பல்கலைக்கழகம். தமிழ்நாட்டுப் பல்கலைக்கழகம் எதுவும் அல்ல. இதைச் சொல்லிப் பெருமூச்சு விடுவது நம்மவர் வழக்கம். அதைவிடப் பயனுள்ள கேள்வி, பல்கலைக்கழக நூலகங்கள் இப்படிச் சிறப்புத் தொகுப்புகளைச் சேர்ப்பதில் எது உருப்படியான வேலை, எது வெறும் பகட்டு என்பது.

ஒரு சேகரத்தைக் கலைக்காமல் அப்படியே எடுத்துக்கொள்வதுதான் இதன் முதல் பலம். நூலகத்தின் பொது அடுக்குக்குப் போகும் பழைய தமிழ்ப் புத்தகத்துக்கு என்ன நேர்கிறது என்று பாருங்கள். முதலில் பைண்டிங்குக்குப் போகும். பைண்டர் நைந்த மேலட்டையைக் கிழித்தெறிந்துவிட்டுக் காலிகோ துணி ஒட்டித் திருப்பித் தருவார். புத்தகம் பிழைத்துவிடும். ஆனால் மேலட்டையில் இருந்த அணா விலை, விற்பனைக் கடையின் விலாசம், பின்னட்டையின் தாதுபுஷ்டி லேகிய விளம்பரம், அதே பதிப்பாளரின் மற்ற நூல்களின் பட்டியல் எல்லாம் குப்பைக்குப் போய்விடும். யார் படித்தார்கள், என்ன விலை கொடுத்தார்கள் என்று ஆராய வருகிறவருக்கு வேண்டியதே அந்தக் கிழித்தெறிந்த தாள்தான். ஆ. இரா. வேங்கடாசலபதி ‘முச்சந்தி இலக்கியம்’ நூலில் எடுத்துக்கொண்ட, கடைத்தெருவில் மலிவாக விற்ற குஜிலிப் பாட்டுப் புத்தகங்களை அந்தக் காலத்துக் கல்லூரி நூலகர் எவரும் வாங்கியிருக்க மாட்டார். வாங்கச் சொன்னால் சிரித்திருப்பார். குப்பை என்று தள்ளப்பட்டதைத் தனி மனிதரின் பித்து காப்பாற்றியது. அந்தப் பித்தை நிலைக்க வைக்கக் கட்டடமும் சம்பளமும் உள்ள நிறுவனம் வேண்டும்.

சரி, அதை எங்கே வைப்பது? ஆஸ்டினில் உள்ள டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் ஹாரி ரான்சம் மையம் 1957இல் தொடங்கியது முதல், உலகத்து எழுத்தாளர்களின் கையெழுத்துப் பிரதிகளை எண்ணெய் வளம் தந்த தெம்பில் வாங்கிக் குவித்த இடம். கொலம்பிய எழுத்தாளர் காப்ரியேல் கார்சியா மார்க்கேஸின் தாள்களை 2014இல் 22 லட்சம் டாலருக்கு வாங்கியது. பல ஆண்டுகள் அவருக்குத் தடையின்றி விசா கொடுக்காத நாட்டுக்கே அவருடைய தாள்கள் போனதில் கொலம்பியாவில் மனக்குறை எழுந்தது. மையம் பின்னர் அவற்றில் சுமார் 27,000 படங்களை இணையத்தில் எல்லாருக்கும் திறந்துவிட்டது. மனக்குறை தீர்ந்துவிட்டது என்று சொல்ல முடியாது; பொகோட்டா மாணவருக்கு வேலை எளிதானது மட்டும் நிச்சயம்.

சிகாகோ செய்தது வேறு. வாங்கிய சேகரத்தைக் கப்பலேற்றாமல் சென்னையிலேயே வைத்தது, நுண்படம் எடுத்துப் பிரதியைக் கொண்டுபோனது. 1996இல் வாசகருக்குத் திறந்த ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் இன்று தரமணியில் இயங்குகிறது. என் கணக்கில் ஆஸ்டின் வழியைவிட இது நல்ல வழி. மூலம் அதன் வாசகருக்கு அருகிலேயே இருக்கிறது. பேணும் கலையை உள்ளூர்க்காரர்கள் கற்றுக்கொண்டார்கள். ஆனாலும் எந்த வரிசையில் படமெடுப்பது, எதற்கு முதலில் பணம் என்பதை நல்கை கொடுப்பவரின் ஆர்வமும் கொஞ்சம் தீர்மானிக்கத்தான் செய்யும். இதை மறைத்து ‘நம் நூலகம்’ என்று மார்தட்டுவது நியாயமில்லை.

சேகரித்தவரின் ரசனையும் ஒரு சல்லடை. பழைய புத்தகக் கடைக்கு வந்து சேர்ந்தது மட்டுமே அவர் கண்ணில் படும். 1893இல் ரெட்டைமலை சீனிவாசன் தொடங்கிய ‘பறையன்’ இதழ்களை இன்று தேடிப்பிடிப்பது பெரும்பாடு. அவற்றைப் பரணில் பத்திரப்படுத்த வசதியான வீடுகள் அந்த வாசகர்களுக்கு எத்தனை இருந்திருக்கும்? வாங்கிய சேகரத்தோடு திருப்தியடையும் பல்கலைக்கழகம் இந்த ஓட்டையையும் சேர்த்தே வாங்குகிறது. ஓட்டையை அடைக்க ஆள் அனுப்பித் தேட வேண்டும். துணைவேந்தர் நாடா வெட்டும் படத்துக்கு அந்த வேலை தோதுப்படாது.

பெரிய கோளாறு வாங்கிய பிறகு வருகிறது. பெட்டிகள் வந்து இறங்கும், பட்டியல் வராது. அமெரிக்க ஆவணக் காப்பகங்களிலேயே இந்தத் தேக்கம் மலையாகிப்போய், 2005இல் மார்க் கிரீன், டென்னிஸ் மைஸ்னர் இருவரும் ஒரு கட்டுரை எழுதிக் கலகம் செய்தார்கள். ஒவ்வொரு தாளிலும் ஸ்டேப்பிள் பின்னைப் பிடுங்கிக்கொண்டு உட்காராதீர்கள், பெட்டியில் என்ன இருக்கிறது என்று மேலோட்டமாகவாவது எழுதி வாசகருக்குத் திறந்துவிடுங்கள் என்பதே அவர்கள் வாதத்தின் சாரம். இதில் ஆபத்து உண்டு. அந்தரங்கக் கடிதம் கவனிக்கப்படாமல் வெளியே போகலாம், ஒரு தாள் களவு போனால் தெரியாமலே இருக்கலாம். இருந்தும் நான் அவர்கள் பக்கம்தான்.

நம் பல்கலைக்கழகங்களில் நிலைமை இன்னும் விசித்திரம். உ.வே. சாமிநாதையர் நூலகமும் மறைமலையடிகள் நூலகமும் புதுக்கோட்டை ஞானாலயாவும் பல்கலைக்கழகத்துக்கு வெளியே வளர்ந்தவை. உள்ளே நடப்பதோ, ஓய்வுபெற்ற பேராசிரியர் தம் புத்தகங்களைக் கொடுப்பார், பொன்னாடை போர்த்துவார்கள். பிறகு அவை பொருள்வாரியாகச் சிதறிப்போகும், அல்லது அவர் பெயர் எழுதிய கண்ணாடி பீரோவில் பூட்டிக் கிடக்கும். சிதறினால், ஓரத்தில் அவர் பென்சிலால் போட்ட சண்டையெல்லாம் ‘இரட்டைப் படி’ என்று கழிக்கப்படும் பிரதியோடு தொலையும். பூட்டினால் பூச்சிக்குத்தான் லாபம்.

பூட்டுவதற்காக நூலகரைத் திட்டுவது எளிது. ஆனால் இருப்புச் சரிபார்ப்பில் ஒரு புத்தகம் குறைந்தால் விளக்கம் எழுத வேண்டியவரும், சில இடங்களில் பணம் கட்ட வேண்டியவரும் அவரே. யாரும் தொடாத புத்தகம் காணாமல் போவதில்லை. உயர்கல்வி நிறுவனங்களின் தரத்தை மதிப்பிடும் நாக் (NAAC) அமைப்பின் படிவமும் அரிய நூல்கள் என்ன வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டதுண்டு. பீரோவைத் திறக்காமலே அதற்குப் பதில் எழுதிவிடலாம். கடந்த ஆண்டில் எத்தனை பேர் அவற்றைக் கேட்டு வாங்கிப் பார்த்தார்கள் என்று ஒரு கட்டத்தைப் படிவத்தில் சேர்த்து, தொலைந்த பிரதிக்கு நூலகரின் சம்பளத்தில் கைவைப்பதை நிறுத்தினால், பல பீரோக்களின் சாவி தானாகவே வெளியே வரும்.