மூன்றுக்கும் நாலுக்கும் நடுவே ஒரு பள்ளம்

சிம்பாங் பூலாயிலிருந்து கேமரன் மலையின் கம்போங் ராஜாவுக்கு ஏறும் சாலையில், மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில், என் புல்லட் 350 பல வருடங்களாக ஒரே மாதிரி அழுதது. மூன்றாவது கியரில் கத்தும். நாலாவதைப் போட்டால் மூச்சுத் திணறும். காய்கறி ஏற்றிய லோரி பின்னால் நெருங்கும்போது இந்த இரண்டில் எதைத் தேர்ந்தெடுப்பது என்று கால் தடுமாறும். ஏழு வாரமாக அந்த அழுகை இல்லை. பழைய நாலு கியர் பெட்டியைக் கழற்றிவிட்டு ஐந்து கியர் பெட்டி மாட்டியிருக்கிறேன்.

வண்டியைப் பற்றி நீட்டி முழக்க வேண்டியதில்லை. ரெட்டிச்சில் பிறந்த வடிவம். 1955 முதல் சென்னை திருவொற்றியூரில் வளர்ந்தது. இங்கிலாந்தில் தாய்க் கம்பெனி மூடிய பிறகும் அங்கே உயிரோடு இருந்த ஆங்கிலேய மோட்டார் என்று நான் இன்றும் பெருமைப்படுகிறேன். 18 குதிரைத்திறன், வார்ப்பிரும்பு சிலிண்டர் கொண்ட இன்ஜின், பர்மிங்ஹாம் அல்பியன் கம்பெனி வடிவமைத்த நாலு கியர் பெட்டி. கடல்மட்டத்தில்தான் அந்த 18. கேமரன் மலையில் 1,500 மீட்டர் உயரத்தில் காற்று ஏறக்குறைய ஏழில் ஒரு பங்கு மெலிந்துவிடுகிறது; இன்ஜினின் வலுவும் அதே அளவு குறைகிறது. அதனால் இங்கே கியர் சரியாக அமைவது சொகுசு இல்லை, தேவை.

பல் விவகாரத்துக்கு வருகிறேன். புல்லட்டில் பின் ஸ்ப்ராக்கெட் பிரேக் டிரம்மோடு ஒன்றாக வார்க்கப்பட்டது, 38 பல். அதைத் தொட முடியாது. மாற்றக்கூடியது கியர் பெட்டியின் முன் ஸ்ப்ராக்கெட் மட்டும். என் வண்டியில் 16 பல் இருந்தது. 17, 18, 19 எல்லாம் கிடைக்கும். ஒரு பல் மாற்ற இடது பக்கப் பெரிய மூடி, பிரைமரி செயின், கிளட்ச், ஆல்டர்னேட்டர் அத்தனையும் கழற்ற வேண்டும். அந்த மூடியை நடுவில் ஒரே ஒரு நட்டுதான் பிடித்து நிற்கிறது. ரப்பர் வளையம் கொஞ்சம் விலகினாலும் எண்ணெய் கசியும். ஆகவே இது ஞாயிற்றுக்கிழமை காலையில் விளையாட்டாகச் செய்துபார்க்கும் வேலை இல்லை.

எல்லோரும் சொன்னது: “18 போடு, வண்டி மிதக்கும்.” சமதரை நெடுஞ்சாலைக்கு அது உண்மை. நானும் போட்டேன், மூன்று வாரம் ஓட்டினேன். ஈப்போவில் மிதந்தது. மலைக்கு வந்ததும் ஒரு விசித்திரம். சிம்பாங் பூலாய் ஏற்றத்தில் மூன்றாவது கியர் அற்புதமாக அமைந்தது. 60-ல் சுற்று சுமார் 3,150, இந்த இன்ஜினுக்குப் பிடித்த இடம். ஆனால் கியா பார்ம் சந்தைக் கூட்டத்தில், திரிங்காப் வளைவுகளில், 40-ல் இரண்டாவது இரைந்தது, மூன்றாவது உதறியது. அதே அழுகை வேறு வேகத்துக்கு இடம் மாறியிருந்தது, அவ்வளவுதான். பிரிஞ்சாங்கிலிருந்து சுங்கை பாலாஸ் தேயிலைத் தோட்டத்துக்குப் போகும் குறுகிய சாலையில் மனைவியைப் பின்னால் உட்காரவைத்து முதல் கியரில் கிளம்பியபோது கிளட்ச் கருகிய நாற்றம் வந்தது. இன்ஜினுக்கும் சக்கரத்துக்கும் நடுவே 16 பல்லில் 14.8 மடங்காக இருந்த முதல் கியர் 13.1-க்கு இறங்கியிருந்தது.

வண்டி பழுது பார்க்கும் எங்கள் போமன் அண்ணன் கேட்டார்: “தம்பி, பல்லைக் கூட்டினா நாலு கியரும் சேர்ந்துதானே தள்ளிப்போகும்? நடுவுல இருக்கிற பள்ளம் எங்க போகும்?”

அவர் கேட்டதுதான் விஷயம். அல்பியன் பெட்டியில் மூன்றாவது கியர் 1.36, நாலாவது 1. இடையில் 36 சதவீத இடைவெளி. ஸ்ப்ராக்கெட்டில் எத்தனை பல் வைத்தாலும் இந்த விகிதம் மாறாது. லேண்ட்ரோவர் வைத்திருக்கும் நம் காய்கறித் தோட்டக்காரர்கள் ஒரு குச்சியைத் தள்ளி ‘லோ’ போட்டுக்கொள்வார்கள். மோட்டாரில் பெட்டியைத்தான் மாற்ற வேண்டும்.

ஐந்து கியர் பெட்டி அதே இடத்தில், அதே போல்ட்டுகளில் உட்கார்கிறது. பிரேக்கை இடம் மாற்றாமல் இருக்க, வலது காலால் மாற்றும் வகையைத் தேடி வாங்கினேன். விகிதங்கள் 3.06, 2.02, 1.52, 1.21, 1. முதல் கியர் இவ்வளவு குட்டையாக இருப்பதால் தைரியமாக 17 பல் போடலாம். போட்டேன். முதல் கியர் 15.3, பழைய 16 பல் அல்பியனைவிட எளிதாகக் கிளம்புகிறது. உச்ச கியர் 5.3-லிருந்து 5-க்கு இறங்கி, ஈப்போ நெடுஞ்சாலையில் இன்ஜின் அமைதியாகிறது. இரண்டு பக்கமும் லாபம். ஆனால் என்னைக் கட்டிப்போட்டது புது நாலாவது கியர்தான், 6.1. சிம்பாங் பூலாய் ஏற்றத்தில் 60-ல், 16 பல்லோடு அல்பியனின் மூன்றாவது 3,550 சுற்றில் கத்தியது, நாலாவது 2,600-ல் திணறியது. இது 3,000-ல் நிற்கிறது. முதல் முறை அந்தக் கியரில் ஏறியபோது கம்போங் ராஜா வரை கியரைத் தொடவே இல்லை. சைலன்சர் ஒரே தாளத்தில் அடித்துக்கொண்டே வந்தது. வீட்டுக்குப் போகாமல் திரும்ப இறங்கி மறுபடி ஏறினேன்.

குறையும் இருக்கிறது, எனக்கு ஆத்திரமே வருகிற குறை. முதல் கியருக்கும் இரண்டாவதற்கும் நடுவே அல்பியனில் 51 சதவீத இடைவெளி. ஐந்து கியர் பெட்டியிலும் அதே 51! ஐந்தாவது கியர் சேர்த்த கைகள் ஏன் கீழே தொடவில்லை? தாப்பா சாலையின் ஊசிவளைவுகளில் 20-ல் திரும்பும்போது இரண்டாவது இன்னும் தட்டுகிறது, முதலாவது இன்னும் இரைகிறது. மலைவாசிக்கு வேண்டிய திருத்தம் அங்கேதான். சமதரை நெடுஞ்சாலையை மனதில் வைத்தே இந்தப் பெட்டியை வகுத்திருக்கிறார்கள் என்று எனக்குப் படுகிறது.

இன்னொன்றை இழந்தேன். அல்பியனில் குதிகாலால் ஒரு சின்ன லீவரை மிதித்தால், இரண்டு, மூன்று, நாலு எதில் இருந்தாலும் நேராக நியூட்ரலுக்கு வந்துவிடும். பனிமூட்டத்தில் சாலை மறிக்கப்பட்டு நிற்கும்போது அது எத்தனை உதவி என்பது இங்கே ஓட்டுபவர்களுக்குத் தெரியும். புதுப் பெட்டியில் அது இல்லை. ஏழு வாரமாகியும் என் குதிகால் வெறுங்காற்றை மிதிக்கிறது.

காலைக் குளிரில் மட்டும் புதுசு மிகவும் மேல். அல்பியன் பெட்டி கசியும் என்பதால் கிரீஸ் கலந்துதான் நிரப்புவோம். விடியற்காலையில் அது இறுகி, முதல் இரண்டு கிலோமீட்டர் கியர் சேற்றில் புதைந்த மாதிரி நகரும். இதில் வெறும் எண்ணெய். கோலா தெர்லா கடைத்தெருவைத் தாண்டுவதற்குள் கியர் இளகிவிடுகிறது.

ஈப்போ, தாப்பா என்று சமதரையில் இருப்பவர்கள் அல்பியனோடு 17 பல் போட்டால் போதும். பெட்டிக்குச் செலவழிக்க வேண்டாம். மேலே வாழ்பவர்கள் 18 பக்கமே போகாதீர்கள். நாலு கியரோடு இருப்பதானால் 16-லேயே இருங்கள். மாற்றுவதானால் ஐந்து கியரும் 17-ம் சேர்ந்து வரட்டும்.

என் பழைய அல்பியனை விலைக்குக் கேட்டு இரண்டு பேர் வந்தார்கள். கொடுக்கவில்லை. கழுவி, புது புஷ் போட்டு, எண்ணெய்த் துணியில் சுற்றி அலமாரியில் வைத்திருக்கிறேன். அந்தச் சின்ன லீவர் மட்டும் துணிக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது.