மாறி நடக்கும் இரு விரல்கள்

பாஸ் கிட்டார் கற்பவருக்குத் தொடக்கத்திலேயே ஒரு விதி சொல்லப்படுகிறது: மீட்டும் கையின் சுட்டுவிரலும் நடுவிரலும் மாறி மாறியே விழ வேண்டும், ஒரே விரல் அடுத்தடுத்து இருமுறை மீட்டக் கூடாது. செங்கல்பட்டு வட்டாரத்துத் திருவிழா மெல்லிசைக் குழுக்களில் வாசிப்பவருக்கும், தேவாலயப் பாடகர் குழுவோடு வாசிப்பவருக்கும், 2013இல் கோவளத்தில் தொடங்கிய அலைச்சறுக்கு, இசை, யோகா விழா போன்ற கடற்கரை மேடைகளில் ஏறும் இசைக்குழுவினருக்கும் இந்த விதி ஒன்றுதான். 1976இல் 'அன்னக்கிளி'யோடு வந்த இளையராஜா, பாஸ் கிட்டாரைப் பாடலுக்குள் தனி மெட்டாகவே நடக்கவிட்டார். அந்த நடையைக் கேட்டு வளர்ந்த காது, மேடையில் ஒரு சுரம் தடுக்கினாலும் கண்டுகொள்ளும். ஆகவே இந்த விதியின் பலன் என்ன, எல்லை எது என்று எடைபோட்டுப் பார்ப்பது அவசியம். பயிற்சிக்கு இது இன்றியமையாதது. வாசிப்புக்கு இதையே சட்டமாக்குவது பிழை என்பது என் முடிவு.

முதலில் அதன் வலிமை. நிமிடத்துக்கு 120 அடி வேகத்தில் ஓர் அடிக்கு 4 சுரம் என்றால் நொடிக்கு 8 சுரம். அந்தச் சுமையை ஒரே விரல் தாங்கினால் தசை விரைவில் இறுகிவிடும். இரு விரல் பகிர்ந்தால் ஒவ்வொன்றுக்கும் 4தான். வீணையிலும் சுட்டுவிரலும் நடுவிரலும் மாறி மாறி மீட்டும் பழக்கம் உண்டு என்பதால், நமக்கு இது அந்நியமான முறையன்று. தாளத்தோடு சேர்ந்தால் அதற்கு இன்னொரு பயனும் கிடைக்கிறது. அடிக்கு 4 சுரம் வரும் சதுச்ர நடையில் ஒவ்வொரு அடியின் முதல் சுரமும் எப்போதும் ஒரே விரலில் விழும். அதனால் மற்ற விரலின் பலவீனம் மறைந்தே கிடக்கும். திச்ரம், கண்டம், மிச்ரம் ஆகிய ஒற்றைப்படை நடைகளில் முதல் சுரம் ஒரு முறை சுட்டுவிரலுக்கும் மறுமுறை நடுவிரலுக்கும் போகும். அழுத்தம் எங்கே குறைகிறது என்று அப்போது தெரிந்துவிடும். சரளி வரிசையை மூன்று காலத்தில் பாடுவதுபோல, ஒரே சுரக்கோவையை மெட்ரோனோமோடு மூன்று வேகத்தில் ஐந்தைந்தாகவும் ஏழேழாகவும் மீட்டுவதைவிட நடுவிரலுக்குச் சிறந்த சோதனை இல்லை.

குறை, தந்தி மாறும் இடத்தில் தொடங்குகிறது. நன்றாக மீட்டிய விரல் காற்றில் நிற்பதில்லை. அடுத்த தடித்த தந்தியின்மேல் போய்ச் சாய்கிறது. அந்தச் சாய்வு, தேவையற்ற தந்தி அதிர்ந்து இரைவதையும் தடுக்கிறது. மெல்லிய தந்தியிலிருந்து தடித்த தந்திக்கு இறங்கும்போது, அங்கே ஏற்கெனவே சாய்ந்திருக்கும் அதே விரல் தொடர்ந்து இழுத்துச் செல்வதே இயல்பு. விதிக்காக அதை எடுத்துவிட்டு மற்ற விரலைக் கொண்டுவந்தால் கை ஒரு வீண் தாவல் தாவுகிறது. ஓட்டம் அங்கேதான் அறுகிறது. இந்த விதி கருவியோடு பிறந்ததும் அல்ல. 1951இல் வந்த ஃபெண்டர் பிரிசிஷன் பாஸில் விரல்தாங்கியை மெல்லிய தந்திக்குக் கீழே வைத்தார்கள். மற்ற விரல்கள் அதைப் பற்றிக்கொள்ள, கட்டைவிரல் மீட்டட்டும் என்பது அதன் நோக்கம். 1960களில் மோடவுன் இசை நிறுவனத்தின் பாடல்களுக்கு வாசித்த ஜேம்ஸ் ஜேமர்சன், சுட்டுவிரல் ஒன்றை மட்டுமே கொண்டு அந்த இசையின் அடித்தளத்தை அமைத்தார்.

அப்படியானால் ஒரு விரலே போதுமே என்று கேட்கலாம். ஜேமர்சன் முதலில் நின்று வாசிக்கும் டபுள் பாஸில் தேறியவர். அந்தத் தடித்த தந்திகளில் உரமேறிய விரல் அது. அந்தப் பாதையில் நடக்காதவருக்கு அவருடைய முடிவு மட்டும் கைகூடாது. இறங்கும்போது தளர்வு கொடுத்தால் தொடக்கநிலையாளர் சோம்பலுக்குப் பழகிவிடுவார் என்பது இன்னொரு ஆட்சேபம். இதில் நியாயம் உண்டு. ஆனால் அதற்கு விடை வரிசையில் இருக்கிறது: ஒரே தந்தியிலும், ஏறும் கோவைகளிலும் கண்டிப்பான மாற்றம், அது நிலைத்த பிறகே இறங்கும் கோவைகளில் இழுப்பு. எந்த இடத்தில் இழுக்கிறோம் என்று முன்கூட்டியே தீர்மானித்துப் பழகினால் அது சோம்பலாகாது, விரலமைப்பாகும்.

விதியின் பெரிய குறை வேறு. அது விரல்களின் முறையை எண்ணுகிறது; எடையை அளப்பதில்லை. மாமல்லபுரம் கரையோரத் திறந்தவெளியில் தாழ்ந்த ஒலியைத் திருப்பித் தரச் சுவர்கள் இல்லை. சுமார் 41 ஹெர்ட்ஸில் அதிரும் நான்காம் தந்தி வாசிப்பவர் காதுக்கே மெலிந்து கேட்க, அவர் பலமாக இழுக்கத் தொடங்குகிறார். உப்புக்காற்றில் துருவேறிய தந்தி விரலை மேலும் பிடிக்கிறது. மணிக்கட்டு மடங்கி இறுக, களைத்த நடுவிரல் பின்தங்க, வீட்டில் பழகிய மாற்றம் மேடையில் குலைகிறது. தவறு முறையில் இல்லை, விசையில் இருக்கிறது. ஆம்ப்ளிஃபையரைக் கூட்டி விரலைக் குறைப்பதும், மணிக்கட்டை நேராக வைப்பதும், மிக மெல்லிய தொடுகையிலேயே பயிற்சியின் பெரும்பகுதியைச் செய்வதும் இதற்கு மருந்து. பயிற்சியைப் பதிவுசெய்து, கையைப் பார்க்காமல் கேட்க வேண்டும். எந்தச் சுரம் எந்த விரலில் பிறந்தது என்று வாசித்தவருக்கே பிரித்துச் சொல்ல முடியவில்லையென்றால், விதி தன் வேலையை முடித்துவிட்டது. இறங்கும் தந்திகளில் அதைத் தளர்த்தலாம்.