வீட்டு மேசையில் ஓர் ஏர்பஸ்

ஏ320 விமானத்தில் வழக்கமாக இரண்டாம் இன்ஜினைத்தான் முதலில் கிளப்புவார்கள். பார்க்கிங் பிரேக்குக்கு அழுத்தம் தரும் ஹைட்ராலிக் அமைப்பு அந்த இன்ஜினோடு இணைந்திருப்பது அதற்கு ஒரு காரணம். சுவிட்சைத் தட்டியதும் திரையில் இன்ஜினின் சுழல்வேகத்தைச் சதவீதத்தில் காட்டும் என்2 என்ற எண் மெல்ல ஏறும். சிஎஃப்எம்56 இன்ஜின் என்றால் 16 சதவீதத்தில் தீப்பொறி, 22இல் எரிபொருள், சற்று நேரத்தில் வெப்ப அளவு துள்ளி எழும், 50இல் ஸ்டார்ட் வால்வு மூடிக்கொள்ளும். ஒரு காலத்தில் விமானிகளும் பொறியாளர்களும் மட்டுமே அறிந்திருந்த வரிசை இது. காக்பிட்டுக்குள் ஒருமுறைகூடக் கால்வைக்காத ஆயிரக்கணக்கானோர் இன்று இதைத் தூக்கத்தில் கேட்டாலும் சொல்வார்கள். வீட்டுக் கணினியில் பயணிகள் விமானம் ஓட்டுவது அவர்களுடைய பொழுதுபோக்கு.

புரூஸ் ஆர்ட்விக் 1979இல் ஆப்பிள் 2 கணினிக்கு எழுதிய மென்பொருளில் தரை என்பது சில கோடுகள்தான். அவருடைய உழைப்பின் அடுத்த கட்டமாக 1982இல் மைக்ரோசாஃப்ட் ஃப்ளைட் சிமுலேட்டர் வந்தது. அதன் 2020 பதிப்போ பிங் வரைபடத்தின் வான்வழிப் படங்களைக் கொண்டு உலகம் முழுவதையும் திரைக்குக் கொண்டுவந்தது. சொந்த ஊரின் தெருவைக் கண்டுபிடிப்பதுதான் அநேகமாக எல்லோரும் முதலில் செய்யும் காரியம். இல்லாமல் போன இடங்களும் இந்த உலகில் வாழ்கின்றன. பழைய பதிப்புகளில் ஆட்டம் தொடங்கும் இடமாக இருந்த சிகாகோவின் மெய்க்ஸ் ஃபீல்ட் ஓடுபாதையை 2003 மார்ச் இறுதியில் நகர மேயர் இரவோடிரவாகப் பெயர்த்துப்போட வைத்தார். ஹாங்காங்கின் காய் டாக் விமான நிலையம் 1998 ஜூலையில் மூடப்பட்டது. குன்றின்மேல் தீட்டிய சதுரங்கக் கட்டங்களைக் கண்டதும் வலப்புறம் திரும்பி, அடுக்குமாடி வீடுகளுக்கு மேலாகத் தாழ்ந்து அதன் 13ஆம் ஓடுபாதையில் இறங்கும் அனுபவம் இப்போது கணினியில் மட்டுமே கிடைக்கும். ஆவணக் காப்பகம் செய்யும் வேலையை ஒரு பொழுதுபோக்கு செய்கிறது என்றால் அது சிறிய காரியமில்லை.

ஆனாலும் இதன் உண்மையான பலம் காட்சியில் இல்லை, நடைமுறையில் இருக்கிறது. தன்னார்வலர்கள் கூடி உருவாக்கி இலவசமாகத் தரும் ஃப்ளைபைவயர் ஏ320, விலைக்கு வரும் ஃபீனிக்ஸ் ஏ320, பிஎம்டிஜியின் 737 போன்றவற்றில் விமானத்தின் உள்ளமைப்புகளும் உயிரோடு இருக்கின்றன. ஒரு ஜெனரேட்டரை அணைத்தால் மின்சாரம் எந்த வழியாகச் சுற்றிவந்து எந்தத் திரைக்கு உயிர் தருகிறது என்பதைக் கண்ணால் பார்க்கலாம். புறப்படும் முன் பயணத்துக்கான எரிபொருள், மாற்று விமான நிலையம்வரை போவதற்கான எரிபொருள், கடைசிக் கையிருப்பாக 30 நிமிடத்துக்கானது என்று கணக்குப் போட வேண்டும். வழித்தடத் தரவுகள் நிஜ உலகத்தைப் போலவே 28 நாட்களுக்கு ஒருமுறை புதுப்பிக்கப்படுகின்றன. இதையெல்லாம் யாரும் கட்டாயப்படுத்தாமல், இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு உட்கார்ந்து ஒருவர் கற்றுக்கொள்கிறார் என்பதை வியந்துதான் சொல்ல வேண்டும்.

சிமுலேட்டர் ஓட்டுவோரை இணையத்தில் இணைக்கும், 2001இல் தொடங்கிய வாட்சிம் வலையமைப்பு இன்னொரு படி மேலே போகிறது. அங்கே விமானம் ஓட்டுவோரும் மனிதர்கள், கட்டுப்பாட்டுக் கோபுரத்திலிருந்து பேசுவோரும் மனிதர்கள். கட்டுப்பாட்டாளராக வர பயிற்சியும் தேர்வும் உண்டு. விமானக் கடத்தலைப் போல நடிப்பதற்குத் தடை. இணைப்பில் இருந்துகொண்டு 30 நிமிடத்துக்கு மேல் மேசையை விட்டு எழுந்துபோகக் கூடாது. கோபுரம் சொன்ன உயரத்தையும் திசையையும் திருப்பிச் சொல்லத் தடுமாறி, தவறினால் திருத்தப்பட்டு, மறுபடி சொல்லிப் பழகும் புதியவருக்கு அங்கே கிடைப்பது பாடப்புத்தகத்தில் கிடைக்காத பயிற்சி.

இந்தப் பழக்கம் நிஜ விமானத்தில் எந்த அளவுக்கு உதவும்? 1990களில் அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகம் கணினிவழிப் பயிற்சியை ஆராய்ந்தது. கருவிகளை மட்டும் நம்பிப் பறக்கும் முறையில் புதிய பாடமொன்றைத் தொடங்கும்போது கணினி நன்றாக உதவுகிறது, ஏற்கெனவே பழகியதைத் திரும்பச் செய்யும்போது பயன் குறைகிறது என்பது அதன் சாரம். அமெரிக்க விமானப் போக்குவரத்துத் துறையான எஃப்ஏஏ, கருவிப் பறத்தல் தகுதிக்காக, அங்கீகாரம் பெற்ற அடிப்படைச் சாதனத்தில் 10 மணி நேரமும் மேம்பட்ட சாதனத்தில் 20 மணி நேரமும் கணக்கில் சேர்க்க இடம் தருகிறது. அதுவும் பயிற்றுநர் உடனிருந்தால்தான். வீட்டு மேசையில் தனியாக ஓட்டிய ஆயிரம் மணி நேரத்துக்கு அந்தக் கணக்கில் மதிப்பு பூஜ்யம். இந்தக் கோடு நியாயமான இடத்தில்தான் போடப்பட்டிருக்கிறது. எழுதிவைக்கக்கூடிய அறிவு மேசையிலிருந்து விமானத்துக்குப் போகும். உடம்பில் ஊற வேண்டியது போகாது.

உடம்பு என்றால் முதலில் கண். திரைக்கு ஆழம் கிடையாது. தரை நெருங்கும்போது பக்கவாட்டில் விரைந்து நழுவும் நிலத்தைக் கொண்டுதான் நிஜ விமானி மூக்கை எப்போது தூக்குவது என்று முடிவு செய்கிறார். வீட்டில் இருப்பவர் “ஐம்பது, நாற்பது, முப்பது” என்று விமானம் சொல்லும் உயர எண்களை நம்பியிருக்கிறார். சிமுலேட்டரில் பழகிவிட்டுப் பறக்கும் பள்ளிக்கு வருபவர்கள் வெளியே பார்க்காமல் கருவிகளையே பார்த்துக்கொண்டிருப்பதாகப் பயிற்றுநர்கள் குறைப்படுவது இதனால்தான். அடுத்தது காது. வேகம் கூடும்போது மூக்கு மேலே போவதாக உட்காது பொய் சொல்லும்; இருட்டில் அந்தப் பொய்யை நம்பி மூக்கைத் தாழ்த்தி விழுந்த விமானங்கள் உண்டு. சுழல்நாற்காலியில் அந்தப் பொய்யே எழாது, அதை மறுத்துப் பழகவும் வழியில்லை. கை விஷயத்தில் மட்டும் ஏர்பஸ் சற்று விதிவிலக்கு. அதன் பக்கவாட்டுக் கைப்பிடி நிஜத்திலும் ஸ்பிரிங்கால் மட்டுமே எதிர்க்கிறது, காற்றின் கனத்தை அது கைக்குச் சொல்வதில்லை. ஆகவே கடையில் வாங்கிய ஜாய்ஸ்டிக் அதற்கு வியக்கத்தக்க அளவில் நெருங்கிவருகிறது. போயிங்கில் அந்தச் சலுகை கிடையாது.

பயணிகள் விமானம் இருவர் ஓட்டுவதற்காகக் கட்டப்பட்டது. ஒருவர் ஓட்ட, மற்றவர் கண்காணிப்பார். ஒருவர் தவறினால் மற்றவர் தடுத்துச் சொல்வார். 1977இல் டெனரீஃப் ஓடுபாதையில் இரண்டு 747 விமானங்கள் மோதி 583 பேர் இறந்த பிறகு, மூத்தவரிடம் இளையவர் துணிந்து சொல்லவும் மூத்தவர் அதைக் கேட்கவும் பழக்குவது பயிற்சியின் மையத்துக்கு வந்தது. வீட்டில் இரண்டு நாற்காலிக்கும் ஒரே ஆள். அவரைத் தடுத்துச் சொல்ல யாரும் இல்லை. இந்தப் பொழுதுபோக்கின் ஆழமான குறை இதுவே என்று தோன்றுகிறது. எத்தனை விலை உயர்ந்த கிராஃபிக்ஸ் கார்டு வாங்கினாலும் இது தீராது.

மென்பொருளை எந்த இடம்வரை நம்பலாம் என்பது அடுத்த கேள்வி. 2009 பிப்ரவரியில் அமெரிக்காவின் பஃபலோ அருகே கோல்கன் ஏர் விமானம் விழுந்து 50 பேர் இறந்தனர். வேகம் குறைந்து இறக்கை தூக்குதிறனை இழக்கப்போகிறது என்று எச்சரிக்கை வந்தபோது கேப்டன் மூக்கைத் தாழ்த்தாமல் கைப்பிடியைப் பின்னுக்கு இழுத்தார். அதன்பின் அமெரிக்காவில் விமான நிறுவனங்கள் இப்படித் தூக்குதிறனை இழக்கும் முழுமையான ஸ்டால் நிலையைப் பயிற்றுவிக்க வேண்டும் என்ற விதி 2019 மார்ச்சில்தான் நடைமுறைக்கு வந்தது. கோடிக்கணக்கில் விலையுள்ள தொழில்முறை சிமுலேட்டர்களையே அதற்காகத் திருத்த வேண்டியிருந்தது. வீட்டு மென்பொருளில் விமானம் ஸ்டால் ஆகி மீண்டுவரும் காட்சியைப் பார்ப்பவர் அதை மனதில் வைத்துக்கொள்வது நல்லது.

இவையெல்லாம் இயந்திரத்தின் எல்லைகள். பழக்கத்தில் ஊறியவர்களே வளர்த்துக்கொண்ட குறை ஒன்று உண்டு. அதுதான் தரையிறங்கும் மென்மையின்மேல் வந்த மோகம். சக்கரம் தரையைத் தொட்ட கணத்தில் விமானம் நிமிடத்துக்கு எத்தனை அடி வேகத்தில் இறங்கியது என்று காட்டும் சிறு மென்பொருள்கள் உண்டு. எண் நூற்றுக்குக் கீழே வந்தால் கொண்டாட்டம். படம் பிடித்துப் பகிர்கிறார்கள். அந்த எண்ணுக்காக ஓடுபாதைக்கு மேல் விமானத்தை மிதக்கவிடுகிறார்கள். 140 நாட் வேகத்தில் ஒரு விநாடி மிதந்தால் சுமார் 70 மீட்டர் ஓடுபாதை போய்விடும். மூன்று விநாடியில் 200 மீட்டருக்கு மேல்.

விமான நிறுவனங்கள் பார்ப்பது வேறு. ஆயிரம் அடி உயரத்திலேயே வேகமும் இறங்கும் கோணமும் நிலைபெற்றனவா, சக்கரம் உரிய பகுதிக்குள் தொட்டதா, நடுக்கோட்டில் இருந்ததா என்பவையே அவர்களுடைய அளவுகோல். ஈரமான ஓடுபாதையில் அழுத்தமாக இறங்குவதே சரி. டயர் தண்ணீர்ப் படலத்தைக் கிழித்துக்கொண்டு தரையைப் பற்ற வேண்டும். 2020 ஆகஸ்ட் 7 அன்று கோழிக்கோட்டில் மழையில், பின்காற்றோடு வந்த ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானம் 8,858 அடி நீள ஓடுபாதையில் 4,438 அடி தாண்டித்தான் தரையைத் தொட்டது. மிச்சமிருந்த பாதி போதவில்லை. மேட்டுநில ஓடுபாதையின் விளிம்பைத் தாண்டி விழுந்ததில் 21 பேர் இறந்தனர். விமானத்தை மறுபடி மேலே ஏற்றாமல் இறக்கியே தீர்த்ததை விசாரணை அறிக்கை குறிப்பிட்டுச் சொன்னது. சக்கரம் எங்கே தொட்டது என்பதைவிட எவ்வளவு மென்மையாகத் தொட்டது என்பதைப் பெரிதாக நினைக்கும் பழக்கம் விமானம் ஓட்டும் அறிவுக்கே எதிரானது. இதைச் சொல்லத் தயங்க வேண்டியதில்லை.

இதை மாற்றப் புதிய கருவி எதுவும் வேண்டாம். சிமுலேட்டரில் தப்பான அணுகலைக் கைவிட்டு மேலேறுவதற்குப் பணச்செலவு இல்லை, பயணிகளின் முணுமுணுப்பு இல்லை, நிறுவனத்துக்கு விளக்கம் எழுத வேண்டியதில்லை. நிஜத்தில் விமானிக்குச் சங்கடம் தருகிற ஒரு முடிவை எத்தனை முறை வேண்டுமானாலும் எடுத்துப் பழகலாம். ஆனால் தனியாக ஓட்டுபவர் பெரும்பாலும் அதை எடுப்பதில்லை. எப்படியாவது இறக்கிவிட்டு, சரியாக வரவில்லை என்றால் பழைய இடத்திலிருந்து மறுபடி தொடங்குகிறார். நெரிசலான வாட்சிம் மாலையில் அந்த வழி அடைபடுகிறது. முன்னே இறங்கிய விமானம் ஓடுபாதையை விட்டு விலகத் தாமதித்தால் கோபுரம் “கோ அரவுண்ட்” என்கிறது. த்ரஸ்ட் லிவரை முன்னே தள்ளி, ஃப்ளாப்பை ஒரு படி குறைத்து, ஏறுவது உறுதியானதும் சக்கரத்தை மடித்து, சொன்ன உயரத்தில் சமன்செய்து, எரிபொருளைப் பார்த்துக்கொண்டு மீண்டும் வரிசையில் சேர வேண்டும். பின்னால் வரும் விமானத்திலும் ஒரு மனிதர் காத்திருக்கிறார். இடைநிறுத்தப் பொத்தானை அழுத்த முடியாது.