ஆய்வாளருக்குப் புகழ் தேடித்தரும் கருவிகள்

பல்கலைக்கழகங்களில் ஆராய்ச்சி செய்வோர்க்கு இக்காலத்தில் இருவகை அறிவுரைகள் ஓயாது வழங்கப்படுகின்றன. குறைந்த நேரத்தில் நிறைய எழுதுவது எங்ஙனம் என்பது ஒன்று. எழுதியதைப் பலர் கண்ணிற் படச் செய்வது எங்ஙனம் என்பது மற்றொன்று. இவற்றிற்கெனப் பட்டறைகள் நடக்கின்றன, கையேடுகள் வெளிவருகின்றன. கட்டுரைத் தலைப்பு எத்தனை சொற்களில் அமைய வேண்டும், அதனைச் சமூக ஊடகத்தில் எந்த நேரத்தில் அறிவிக்க வேண்டும் என்பது வரை சொல்லித் தருவோர் உளர். முன்பு கடை வைப்போர்க்குச் சொல்லப்பட்ட நுணுக்கங்கள் இன்று கல்வெட்டுப் படிப்போர்க்கும் சொல்லப்படுகின்றன.

இதனை எள்ளி நகையாடுதல் எளிது. ஆயினும் அறிவுரையாளர் ஒரே பையில் இட்டுத் தரும் கருவிகளுள் இருவேறு இனங்கள் கலந்து கிடக்கின்றன. தேடுவார்க்கு வழிகாட்டும் கருவி ஓர் இனம். எழுதியவரை எடைபோடும் கருவி மற்றோர் இனம். இவ்விரண்டையும் பிரித்தறியாமையே இன்று விளைந்துள்ள கேட்டிற்கெல்லாம் காரணம் எனலாம். வழிகாட்டப் பிறந்த கருவியே தராசாக மாற்றப்பட்ட வரலாறு இதனை நன்கு விளக்கும்.

அமெரிக்கரான யூஜீன் கார்ஃபீல்டு 1955-இல் ‘சயன்ஸ்’ இதழில் ஒரு கட்டுரை வரைந்தார். அந்நாட்டு வழக்கறிஞர்களிடையே 1873 முதல் ஒரு தொகுதி வழங்கி வந்தது. ஒரு தீர்ப்பு அதன் பின்னர் எந்தெந்த வழக்குகளில் எடுத்துக்காட்டப்பட்டது, அஃது இன்னும் செல்லுமா, மேல்மன்றத்தால் தள்ளப்பட்டதா என்பதை அத்தொகுதியைப் புரட்டினால் அறியலாம். அறிவியலுக்கும் அத்தகையதொரு பட்டியல் வேண்டும் என்றார் கார்ஃபீல்டு. ஒரு கட்டுரையைப் பின்னர் யார் யார் மேற்கோள் காட்டினர் என்று தெரிந்தால், அதன் கருத்தை மறுத்தவர் எவர், திருத்தியவர் எவர் என்பதும் தெரியும். பிழையென்று முடிவான ஒன்றை ஆராயாமல் எடுத்தாளுதல் குறையும். நோக்கம் இவ்வளவே. 1963-இல் வெளிவந்த முதற் பதிப்பு 613 இதழ்களிலிருந்து சுமார் 14 இலட்சம் மேற்கோள்களைத் தொகுத்துத் தந்தது. கணினி குழந்தைப் பருவத்தில் இருந்த காலத்தில் இஃது ஓர் அருஞ்செயல் என்பதில் ஐயமில்லை.

அப்பட்டியலில் எந்த இதழ்களைச் சேர்ப்பது என்று முடிவு செய்ய ஓர் அளவு வேண்டியிருந்தது. கார்ஃபீல்டும் அவருடன் பணியாற்றிய இர்விங் ஷெரும் ஒரு கணக்கு வகுத்தனர். ஓர் இதழ் முந்திய இரண்டு ஆண்டுகளில் வெளியிட்ட கட்டுரைகள் நடப்பாண்டில் எத்தனை முறை மேற்கோள் காட்டப்பட்டன என்று எண்ணி, அதனை அக்கட்டுரைகளின் தொகையால் வகுப்பது அக்கணக்கு. இன்று ‘தாக்கக் காரணி’ என வழங்குவது இதுவே. நூலகத்திற்கு இதழ் தெரிந்தெடுக்க உதவிய எண், காலப்போக்கில் ஆளைத் தெரிந்தெடுக்கும் எண்ணாயிற்று. பதவி உயர்வும் ஆராய்ச்சி நிதியும் அதன் பின்னே சென்றன. இரண்டே ஆண்டுகளில் பலன் தரும் துறைகளுக்கு அது பொருந்தலாம். ஒரு பழம்பதிப்பின் பாட வேறுபாடுகளை ஒப்புநோக்கும் வேலைக்கு இரண்டாண்டு என்பது முன்னுரை எழுதவும் போதாத காலம்.

பின்னர் ஆளையே நேராக அளக்கும் எண்ணும் வந்தது. கலிபோர்னியாவின் சான் டியேகோவில் பணிபுரியும் இயற்பியலறிஞர் ஜார்ஜ் ஹிர்ஷ் 2005-இல் கூறிய ‘எச்’ குறியீட்டெண் அது. ஒருவருடைய கட்டுரைகளுள் 10 கட்டுரைகள் ஒவ்வொன்றும் 10 முறையேனும் மேற்கோள் காட்டப்பட்டிருப்பின் அவர் எண் 10. கணக்கு அழகானது. ஆனால் வாழ்நாளெல்லாம் உழைத்து ஒரே ஓர் அகராதியைச் செய்து முடித்தவர், அந்நூல் ஆயிரம் முறை மேற்கோள் காட்டப்பட்டாலும், இக்கணக்கின்படி பெறுவது 1 மட்டுமே. 2020-இல் ஹிர்ஷ் தாமே, தம் அளவை எதிர்பாராத தீய விளைவுகளைத் தரக்கூடும் என்று எழுதினார். அதற்குள் அவ்வெண் உலகெங்கும் பரவிவிட்டது.

இவ்வெண்ணை எவ்வளவு எளிதில் ஏமாற்றலாம் என்பதைப் பிரான்சு நாட்டுக் கணினியறிஞர் சிரில் லாபே 2010-இல் காட்டினார். ‘ஐக் ஆன்ட்கேர்’ என்றொரு பெயரை அவர் கற்பித்துக்கொண்டார். பொருளற்ற கட்டுரைகளைத் தானே எழுதும் கணினி நிரல் ஒன்றைக் கொண்டு நூற்றுக்கு மேற்பட்ட கட்டுரைகளைச் செய்து, அவை ஒன்றையொன்று மேற்கோள் காட்டுமாறு அமைத்து இணையத்தில் இட்டார். கூகுள் ஸ்காலர் அவற்றையும் எண்ணிற்று. பிறவாத அம்மனிதரின் எச் எண் 94. ஐன்ஸ்டைனையும் விஞ்சிய எண்! அப்பெயரை விரைந்து ஒலித்தால் ‘எனக்குக் கவலையில்லை’ என்னும் ஆங்கிலத் தொடர் போலக் கேட்கும் என்பது லாபேயின் குறும்பு.

இனி, அறிவுரையாளர் பெரிதும் வற்புறுத்தும் சமூக ஊடக விளம்பரம் உண்மையில் பயன் தருகிறதா? 2024-இல் வெளியான ஆய்வு ஒன்று இதனைச் செய்தே பார்த்தது. டுவிட்டரில் பலர் பின்தொடரும் அறிவியலாளர் 11 பேர், 110 கட்டுரைகளைத் தங்கள் கணக்குகளில் அறிவித்தனர். அவற்றோடு ஒப்பிடுதற்குரிய வேறு கட்டுரைகளை அறிவியாது விட்டனர். அறிவித்த நாளில் கட்டுரையை இறக்கியெடுத்தோர் தொகை பன்மடங்கு உயர்ந்தது. மூன்றாண்டுகள் கழித்து மேற்கோள்களை எண்ணியபோதோ, இருசாராரிடையே குறிப்பிடத்தக்க வேற்றுமை காணப்படவில்லை. நெஞ்சறுவை மருத்துவ இதழ்களில் முன்னர் நடந்த ஒரு சோதனை இதற்கு மாறான விடையைத் தந்தது என்பதையும் சொல்லுதல் முறை. ஆகவே முடிவு இன்னும் உறுதியாகவில்லை. உறுதியாகாத ஒன்றை மருந்துச் சீட்டுப் போல் எழுதித் தருவதே குற்றம்.

நிறைய எழுதச் செய்யும் கருவிகளைப் பற்றி நீளப் பேச வேண்டியதில்லை. மேற்கோள் நூல்களை ஒழுங்குபடுத்தும் ‘ஸோட்டெரோ’ போன்றவை நல்ல எழுத்தர் செய்யும் வேலையைச் செய்கின்றன. 2006 முதல் இலவசமாகவும் கிடைக்கின்றன. குறிப்பெடுக்கும் புதிய கருவிகளை விற்போர் செருமானியச் சமூகவியலறிஞர் நிக்லாஸ் லூமனை அடிக்கடி சான்று காட்டுவர். அவர் சுமார் 90,000 குறிப்புச் சீட்டுகளைப் பெட்டிகளில் அடுக்கி, ஒன்றுக்கொன்று எண்ணால் தொடர்புபடுத்தி, அவற்றிலிருந்து பற்பல நூல்கள் ஆக்கினார். உண்மைதான். ஆனால் பெட்டியை மட்டும் பார்ப்போர், நாற்பதாண்டுகளுக்கு மேல் அவர் நாள்தோறும் படித்து எழுதியதைப் பார்ப்பதில்லை. பீட்டர் ஹிக்ஸ் 1964-க்குப் பின் எழுதிய கட்டுரைகள் விரல்விட்டு எண்ணத்தக்கவை. 2013-இல் நோபெல் பரிசு பெற்றபோது, இன்றைய பல்கலைக்கழகங்களில் தமக்கு வேலை கிடைத்திராது என்று அவரே கூறினார். எந்தப் பட்டறையில் அமர்த்தி அவரை நிறைய எழுத வைத்திருக்க முடியும்?

தமிழில் ஆராய்ச்சி செய்வோர்க்கு இத்தராசு மேலும் ஒரு கேட்டைச் செய்கிறது. உலகப் பெருந்தரவுத்தளங்கள் பெரும்பாலும் ஆங்கில இதழ்களையே எண்ணுகின்றன. தமிழிதழில் வந்த கட்டுரையைத் தமிழிலேயே நூறு பேர் எடுத்தாண்டாலும், அவ்விதழ்கள் தரவுத்தளத்தில் இடம்பெறாதபோது அக்கணக்கு எங்கும் ஏறுவதில்லை. 2015-இல் ‘நேச்சர்’ இதழில் வெளியான லெய்டன் அறிக்கையின் பத்து நெறிகளுள் ஒன்று, அவ்வந்நாட்டு மொழியில் அவ்வந்நாட்டார்க்கு உரியதாகச் செய்யப்படும் ஆராய்ச்சியைக் காக்க வேண்டும் என்பது. நெறி நன்று. மதிப்பெண்ணுக்கு அஞ்சித் தமிழில் எழுதுவதைக் கைவிடும் இளைஞரை அந்நெறி இன்னும் எட்டவில்லை.

பலர் கண்ணிற் படுதல் வேண்டாத ஒன்று என்பது இதன் பொருளன்று. 1961 முதல் மலாயாப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய தனிநாயகம் அடிகள், அதற்கு முன்னரே 1952-இல் ‘தமிழ்க் கல்ச்சர்’ என்னும் ஆங்கில இதழைத் தொடங்கியது பிறநாட்டறிஞர் தமிழைக் காணவேண்டும் என்பதற்கே. 1966-இல் கோலாலம்பூரில் முதல் உலகத் தமிழ் மாநாடு கூடிய அதே ஆண்டில், தமிழியல் நூல்களைத் தொகுத்துக் காட்டும் துணைநூல் ஒன்றையும் அவர் மலாயாப் பல்கலைக்கழகப் பதிப்பாக வெளியிட்டார். எது எங்கே கிடைக்கும் என்று தேடுவார்க்குச் சொல்லும் நூல் அது. புகழ் தேடும் வேலையன்று. உழைப்பு மிகுந்த வேலை.

அவ்வகைக் கருவியொன்று இன்று தமிழர்க்குப் பெரிதும் வேண்டப்படுகிறது. அது பெயர் பற்றியது. தமிழர்க்குக் குடும்பப் பெயர் இல்லை. மலேசியாவில் ‘ஏ/எல்’, ‘ஏ/பி’ என்ற குறிகளுக்குப் பின் தந்தை பெயர் நிற்கிறது. தரவுத்தளமோ கடைசிச் சொல்லையே குடும்பப் பெயராகக் கொள்கிறது. மகன் எழுதிய கட்டுரை தந்தையின் பெயரில் ஏறுகிறது. சுப்பிரமணியம் என்னும் பெயரை ஆங்கிலத்தில் எழுதும் வகைகளோ பல. ஒரே ஆசிரியர் மூன்று நான்கு பேராகச் சிதறிப்போகிறார். 2012-இல் தொடங்கப்பெற்ற ‘ஆர்க்கிட்’ என்னும் ஆதாயம் கருதாத அமைப்பு, ஆய்வாளர் ஒவ்வொருவர்க்கும் 16 இலக்க எண் ஒன்றைக் கட்டணமின்றி வழங்குகிறது. பெயர் எவ்வாறு எழுதப்பட்டாலும் கட்டுரைகள் அவ்வெண்ணின்கீழ் ஒன்றுசேர இடமுண்டு. அந்த எண் எவரையும் மதிப்பிடுவதில்லை. இன்னார் எழுதியது இது என்று மட்டும் சொல்கிறது. ஆசிரியர் பயிற்சிப் பட்டறைகளில் தலைப்பைக் கவர்ச்சியாக்கும் வித்தைக்குத் தரும் நேரத்தில் கால்மணியை இதற்கு ஒதுக்கலாம்.

மறைந்தோர்க்கு அந்த எண் இல்லை. தனிநாயகம் அடிகளின் பெயரையே ஆங்கிலத்தில் ஒரு சொல்லாக எழுதுவாரும் உளர். இரு சொல்லாகப் பிரித்து எழுதுவாரும் உளர். தேடுவோர் இரண்டிடத்தும் பார்க்க வேண்டியுள்ளது.