தாது வருடப் பஞ்சமும் வேதநாயகரின் முறையீட்டுக் கீர்த்தனைகளும்

மாயூரம் வேதநாயகம் பிள்ளை (1826–1889) என்றதும் 'பிரதாப முதலியார் சரித்திரம்' (1879) நினைவிற்கு வருவது இயல்பு. தமிழின் முதல் நாவல் என்னும் பெருமை அவருடைய பிற படைப்புகளை ஓரளவு மறைத்துவிட்டது என்றே கூற வேண்டும். அந்நாவலுக்கு முந்தைய ஆண்டில் வெளிவந்த 'சர்வ சமய சமரசக் கீர்த்தனை' (1878) பற்றிப் பேசுவோரும் அதன் சமரசத்தைப் பாராட்டுவதோடு நின்றுவிடுகின்றனர். அந்நூலில் பஞ்சத்தைத் தீர்க்க வேண்டி இறைவனிடம் முறையிடும் பாடல்கள் உள்ளன. துன்பக் காலத்தில் தியாகத்தின்வழி நம்பிக்கை காணல் என்னும் கிறித்தவச் சிந்தனையை அப்பாடல்கள் எவ்வாறு ஏற்றுள்ளன என்பதே இக்கட்டுரையின் பொருள்.

பஞ்சத்தின் அளவை முதலில் மனங்கொள்ள வேண்டும். 1876இல் பருவமழை பொய்த்தது. தமிழ் மக்கள் தாது வருடப் பஞ்சம் என்று நினைவிற்கொண்ட கொடுமை 1878 வரை நீண்டது. இக்கட்டுரை எழுதப்பெறும் மைசூரும் அதற்கு விலக்கன்று. 1871ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் ஐம்பது இலட்சத்தைக் கடந்திருந்த மைசூர் நாட்டு மக்கள்தொகை, 1881இல் ஏறத்தாழ 42 இலட்சமாகக் குறைந்தது. 1877 சனவரி முதல் நாள் தில்லியில் லிட்டன் பிரபு தர்பார் நடத்தினார். அதே மாதத்தில் ரிச்சர்டு டெம்பிள், நிவாரண வேலை செய்யும் ஆண் ஒருவனுக்கு நாளொன்றுக்கு ஓர் இராத்தல் தானியமும் ஓர் அணாவும் போதும் என வரையறுத்தார். உழைக்கும் உடலுக்கு இது போதாது என்று சென்னை மாகாணச் சுகாதார ஆணையர் கார்னிஷ் வாதிட வேண்டியிருந்தது. பசியை இராத்தலில் நிறுத்துப் பார்த்த காலம் அது.

அக்காலத்தில் முன்சீப் பதவியிலிருந்து விலகியிருந்த வேதநாயகர், தம் கைப்பொருளைச் செலவிட்டு மாயூரத்தில் பசித்தோர்க்குக் கஞ்சி வார்த்தார் என்பது அவர் வரலாறு எழுதியோர் அனைவரும் கூறும் செய்தி. இக்கொடையைக் கண்ட கோபாலகிருஷ்ண பாரதியார் அவரைப் புகழ்ந்து ஒரு கீர்த்தனை இயற்றினார். நந்தனார் சரித்திரம் பாடிய சிவபக்தர் ஒருவர் கத்தோலிக்கர் ஒருவரைப் பாடியமை தனித்து எண்ணத்தக்கது. எனினும் இலக்கிய மரபின்படி அது புதியதன்று. பசிப்பிணி மருத்துவன் எனப் பண்ணனைப் பாடிய பாடாண் மரபின் தொடர்ச்சியே அது. கொடுத்தவன் நடுவில் நிற்கிறான். பெற்றவர்கள் அவனைச் சூழ நிற்கின்றனர்.

வேதநாயகரின் பாடல்களில் இவ்வமைப்பு தலைகீழாகிறது. ஒரே பஞ்சத்தை ஒட்டிப் பிறந்த பாடல்களாயினும், பாரதியாரின் கீர்த்தனையில் ஒளிரும் கொடையாளி இவற்றில் இல்லை. பாடுபவன் தன்னைப் பசித்தோருள் ஒருவனாக நிறுத்திக்கொள்கிறான். உன்னையன்றி வேறு புகலில்லை என்று இறைவனைக் கேட்கிறான். உண்ண வழியுள்ள ஒருவன் பசித்தோர் குரலில் பாடுவது வெறும் பாவனையாகாதா? வகுப்பில் இப்பாடலைப் பயிற்றியபோது மாணவி ஒருவர் இவ்வாறு வினவினார். நியாயமான வினா. கையிலிருப்பதைக் காத்துக்கொண்டு பாடியிருந்தால் அது பாவனையே. கொடுத்துவிட்டு, கொடுத்ததைப் பாட்டிற்குள் கொண்டுவராமல் இருந்ததால்தான் அக்குரல் அவருக்கு உரியதாகிறது என்பது என் துணிபு. வலக்கை செய்வதை இடக்கை அறியலாகாது என்னும் மத்தேயு நற்செய்தியின் அறிவுரை இங்கு ஒரு பாட்டின் அமைப்பாகவே மாறியுள்ளது.

எபிரேயர்க்கு எழுதப்பெற்ற திருமுகத்தின் 13ஆம் அதிகாரத்தில் அடுத்தடுத்த இரு வசனங்கள் (15, 16) இங்கு நோக்கத்தக்கன. முதலாவது, இறைவனைப் போற்றும் வாய்மொழியைப் பலி என்கிறது. அடுத்தது, உள்ளதைப் பகிர்தலையும் பலி என்கிறது. ஆக, கீர்த்தனையும் கஞ்சியும் ஒரே பெயர் பெறுகின்றன. வேதநாயகர் இவ்வசனங்களை எண்ணிப் பாடினார் என நிறுவ இயலாது. ஆனால் அவருடைய வாழ்வையும் பாட்டையும் தனித்தனியே பேசும் நம் திறனாய்வு வழக்கத்தை இவை ஐயுறச் செய்கின்றன.

பஞ்சத்தில் பகிர்தல் என்றவுடன் விவிலியம் அறிந்தோர்க்குச் சாரிபாத்து விதவை நினைவிற்கு வருவாள் (1 அரசர்கள் 17). மிஞ்சியிருந்த ஒரு பிடி மாவை அவள் எலியாவுக்குப் பகிர்ந்தாள். பானையில் மாவு குறையவில்லை. அக்கதையில் தியாகத்திற்கு உடனே விடை கிடைக்கிறது. வேதநாயகரின் கீர்த்தனையில் அத்தகைய அற்புதம் எதுவுமில்லை. இதற்குக் கீர்த்தனை வடிவமும் துணைசெய்கிறது. ஒவ்வொரு சரணம் முடிந்ததும் பாட்டு பல்லவிக்குத் திரும்பியாக வேண்டும். பல்லவியோ ஒரு வேண்டுகோள். எத்தனை சரணம் பாடினும் முடிவில் கேட்டதையே மீண்டும் கேட்கிறோம். சிலுவையில் இயேசு கூறியதும், தாம் கைவிடப்பட்டதை வினவும் 22ஆம் திருப்பாடலின் தொடக்கமே. ஆறுதல் மொழிகளை அடுக்கும் பக்திப் பாடல்களைவிட இவ்வகை முறையீட்டில் நம்பிக்கை கூடுதலாக உண்டு. கேட்பார் இல்லை என்று கருதுபவன் மீண்டும் மீண்டும் கேட்கமாட்டான்.

இப்பாடல்கள் கிறிஸ்துவின் பெயரைச் சொல்லாமையும் கருதத்தக்கது. சமரச நோக்கு என்று அதனைச் சுருக்கிவிடுவது எளிது. ஆனால் பஞ்சக் காலத்தில் சோற்றையும் சமயத்தையும் இணைத்துப் பார்க்கும் ஐயம் எங்கும் நிலவியது. திருநெல்வேலிப் பகுதியில் அவ்வாண்டுகளில் பெருந்திரளாக மக்கள் கிறித்தவம் தழுவியமை பலவாறு பேசப்பட்டது. ஓங்கோலில் அமெரிக்கப் பாப்திஸ்து ஊழியர் கிளஃப், பக்கிங்காம் கால்வாய் வெட்டும் வேலையை ஒப்பந்தமாகப் பெற்று மக்களுக்குக் கூலி வழங்கினார். நிவாரணம் நடந்த காலத்தில் எவருக்கும் திருமுழுக்கு அளிக்க மறுத்தார். அவர் திருமுழுக்கை நிறுத்திவைத்தார்; வேதநாயகர் பெயரை நிறுத்திவைத்தார். இரண்டிலும் ஒரே மனச்சான்று செயற்பட்டதாக நான் கருதுகிறேன். பசித்தவன் பாடும் பாட்டிற்கு எந்த நிபந்தனையும் இருக்கலாகாது.

கிறித்தவத் தமிழ் இலக்கிய வரலாறுகள் வேதநாயகரின் 'சத்திய வேதக் கீர்த்தனை'யைத் தம் பட்டியலில் சேர்க்கின்றன. பஞ்சப் பாடல்களைச் சமரசப் பாடல்கள் என ஒதுக்கிவிடுகின்றன. இவ்விரு நூல்களையும் அருகருகே வைத்து, பாரதியாரின் கீர்த்தனையையும் உடன்சேர்த்துப் படிக்கும் பணி இனிமேல்தான் தொடங்கப்பெற வேண்டும்.