ஒரே தண்டவாளத்தில் இரண்டு விடுதிகள்

தஞ்சோங் ரம்புத்தான் என்று சொன்னாலே பேராக்கில் சிரிப்பார்கள். 1911இல் தொடங்கிய மனநல மருத்துவமனைதான் காரணம். "எப்போ விட்டாங்க?" என்பது பழைய கேலி. அதே ரயில் பாதையில் வடக்கே போனால் கோலகங்சார். அங்கே 1905இல் மலாய் அரச குடும்பத்து, பிரபுக்கள் வீட்டுப் பையன்களுக்காக ஆங்கிலேயர் திறந்த உறைவிடப் பள்ளி, மலாய்க் கல்லூரி. அந்தப் பெயரைக் கேட்டு யாரும் சிரிப்பதில்லை.

எர்விங் கோஃப்மன் தன் 'அசைலம்ஸ்' (1961) நூலில் இந்த இரண்டு இடங்களையும் ஒரே வகையில் வைக்கிறார். தூக்கம், சாப்பாடு, வேலை எல்லாம் ஒரே அதிகாரத்தின் கீழ். உள்ளே நுழையும்போதே பழைய அடையாளம் கழற்றப்படும். சரிதான். ஆனால் ஒரு வாசலில் வெளியே வருபவனுக்கு ஆயுளுக்கும் ஒட்டிக்கொள்ளும் முத்திரை, இன்னொரு வாசலில் அரசாங்க உத்தியோகம். கோஃப்மன் இதைச் சொல்லாமல் இல்லை, சொல்லிவிட்டுக் கடந்துவிடுகிறார். எனக்கு அங்கேதான் விஷயமே இருக்கு.

அந்தோணி பர்ஜெஸ் 1954இல் மலாய்க் கல்லூரிக்கு ஆசிரியராக வந்தார். 'டைம் ஃபார் அ டைகர்' (1956) நாவலில் அதை மன்சூர் பள்ளி ஆக்கினார். கூடவே ஒரு மாற்றமும் செய்தார்: நாவலில் மலாய், சீன, இந்தியப் பையன்கள் சேர்ந்தே படிக்கிறார்கள். நிஜத்தில் அந்த விடுதியில் நம்ம பையனுக்குக் கட்டில் கிடையாது. பரந்த மனசு என்று பாராட்டலாம்தான், எனக்கு ஒப்பவில்லை. யார் உள்ளே, யார் வெளியே என்பதுதான் அப்படிப்பட்ட பள்ளி நடத்தும் முதல் பாடம். நாவல் அதை அழித்துவிட்டது. இத்தனைக்கும் பர்ஜெஸ் மாணவர்கள் தங்கிய கட்டடத்திலேயே குடியிருந்தவர். குடிகாரப் போலீஸ்காரர் நாபி ஆடம்ஸ் மேல் வைத்த அக்கறையில் பாதியையாவது, ராத்திரி வீட்டை நினைத்துப் படுத்திருக்கும் ஒரு பையன் மேல் வைத்திருக்கலாம்.

தோட்டத்துப் பிள்ளைக்கு என்ன இருந்தது? 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டப்படி, 7 முதல் 14 வயதுக்குள் பத்துப் பிள்ளைகள் இருந்தால் நிர்வாகம் ஒரு பள்ளி வைக்கணும். லயத்திலிருந்து நடந்து போய்த் திரும்புகிற தூரம். அந்தப் பள்ளி பிள்ளையை அம்மாவிடமிருந்து பிரிக்கவில்லை; தோட்டத்திலிருந்தும் பிரிக்கவில்லை. படிப்பு முடிந்ததும் மங்கு துடைக்க ஓடணும்.

நான் வாசித்த மலேசியத் தமிழ்க் கதைகளில் லயம் இருக்கு, பால்மரம் இருக்கு. விடுதிக் கட்டில் அபூர்வம். விடுதியை மலாயில் அஸ்ராமா என்கிறோம், நம்ம ஆசிரமம்தான் அது. இன்றைக்கு நம் பிள்ளைகளும் அங்கே தங்கிப் படிக்கிறார்கள். வார விடுமுறைக்கு வந்து, அம்மாவிடம் பாதி மலாயில் பேசிவிட்டு, ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் பையைக் கட்டுகிற ஒரு பெண்ணை யாராவது எழுதினால் முதல் ஆளாக வாசிப்பேன்.