நந்தி மலைக் கலவை

திருவொற்றியூரிலிருந்து மேற்கே கோடு கிழித்துக்கொண்டே போனால், சற்று வடக்கே தள்ளி கர்நாடகத்தின் நந்தி மலை வரும். இரண்டுமே 13 டிகிரி சொச்சம் அட்சரேகை. பேர்பெற்ற ஒயின் ஊர்கள் பெரும்பாலும் 30-க்கும் 50-க்கும் நடுவில்தான் இருக்கின்றன. அந்தக் கணக்கில், நமக்கு வாய்த்த வெயிலில் நல்ல சிவப்பு ஒயின் வரவே கூடாது. வந்திருக்கிறது. நந்தி மலைப் பக்கம் 1988-இல் தொடங்கிய குரோவர் நிறுவனத்தின் 'லா ரிசர்வ்' அதற்குச் சாட்சி. கேபர்னே சாவிஞான், ஷிராஸ் என்ற இரண்டு திராட்சைகள் சேர்ந்த கலவை அது.

வித்தியாசம் உயரத்தில் இருக்கிறது. நம்மூர் கடல் மட்டம். குரோவரின் திராட்சைத் தோட்டங்கள் ஏறக்குறைய 900 மீட்டர் மேலே. பகல் வெயில் காய்ந்தாலும் ராத்திரி குளிர்ந்துவிடும். ஆனாலும் குளிர்நாட்டுக் கொடியைப் போல இங்கே கொடி இலையுதிர்த்துத் தூங்குவதில்லை. அதனால் வருஷத்துக்கு இரண்டு கவாத்து. ஏப்ரல் வாக்கில் ஒன்று, அது கொடிக்கு. மழை ஓயும் செப்டம்பர், அக்டோபரில் இன்னொன்று, அதுதான் குலைக்கு. கோடை முற்றுவதற்குள் அறுத்துவிட வேண்டும்.

வெயில் ஊரின் சிக்கல் இதுதான்: பழத்தில் சர்க்கரை விறுவிறுவென்று ஏறுகிறது, புளிப்பு இறங்குகிறது, தோலிலும் விதையிலும் உள்ள துவர்ப்பு மட்டும் பக்குவப்படாமல் பின்தங்கி நிற்கிறது. கேபர்னேயைத் தனியாகக் குடித்துப் பாருங்கள். முதல் வாயில் நன்றாகப் பிடிக்கும், கடைசியில் துவர்ப்பு ஈறு வரை இழுக்கும், நடுவில் ஒன்றுமே இருக்காது. அந்த நடுவை நிரப்பத்தான் ஷிராஸ். பெரும்பங்கு கேபர்னே, சிறுபங்கு ஷிராஸ் என்று சேரும்போது, நன்கு பழுத்த நாவல்பழம்போல இனிப்பும் துவர்ப்பும் ஒன்றையொன்று விடாமல் நாக்கில் நிற்கின்றன. பிரான்சின் போர்தோக்காரர் மிஷேல் ரோலான் 1990-களில் ஆலோசகராக வந்தது இந்த ஒயினுக்குக் கிடைத்த பேறு.

கலப்பதைக் குறையை மறைக்கும் வேலை என்று சிலர் நினைக்கிறார்கள். எனக்கு அதில் சம்மதமில்லை. பிரான்சிலேயே குளிர்ந்த பர்கண்டி ஒரே திராட்சையோடு நிறைவடையலாம். வெயில் காயும் ஷாட்டோநெஃப்-டு-பாப்பில் 13 வகை வரை சேர்க்க இடமுண்டு. ஆஸ்திரேலியாவின் பென்ஃபோல்ட்ஸ் 1960-இல் உருவாக்கிய 'பின் 389', இதே கேபர்னே, ஷிராஸ் ஜோடிதான். மகாராஷ்டிரத்தின் அக்லூஜில் ஃபிராட்டெல்லி நிறுவனம் செய்யும் 'செட்டே', சாஞ்சோவேஸே என்ற திராட்சையைக் கேபர்னேயோடு சேர்க்கிறது. அதில் புளிப்பு துலக்கமாக இருக்கும், பிடித்தவர்களுக்கு ரொம்பப் பிடிக்கும். என் ஓட்டு லா ரிசர்வுக்கு.

ராயபுரத்திலும் பெரம்பூரிலும் கிறிஸ்துமஸுக்கு ஜாடியில் ஊறப்போடும் இனிப்பு ஒயின் வேறு ருசி, வேறு குடும்பம். அதை இதோடு ஒப்பிடுவது இரண்டுக்குமே நியாயமில்லை.

ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்வேன். சிவப்பு ஒயினை அறை வெப்பத்தில் குடிக்க வேண்டும் என்பது ஐரோப்பியக் கல்வீட்டுக்குச் சொன்னது, 16, 18 டிகிரிக்கு. எண்ணூர் நெடுஞ்சாலையோர வீட்டில் மே மாதம் 34 இருக்கும். அந்தச் சூட்டில் ஊற்றினால் சாராய நெடி முதலில் மூக்கில் ஏறி, பழவாசனையை அமுக்கிவிடும். பாட்டிலை ஃபிரிட்ஜில் வைத்து, குடிப்பதற்குச் சிறிது நேரம் முன்னால் வெளியே எடுங்கள். கிளாஸில் பாதி ஊற்றுங்கள், மீதி பாதி வாசனைக்கு.

காசிமேட்டு மீன் வறுவலோடு வேண்டாம். சிவப்பு ஒயின் மீனோடு சேர்ந்தால் வாயில் இரும்புச் சுவை தட்டும். புளி தூக்கலான குழம்பும் ஆகாது. மிளகுக் கறி வறுவல்தான் சரி. கறிமிளகுக்கு மணம் தரும் ரோடண்டோன் என்ற பொருள் ஷிராஸ் பழத்தோலிலும் உண்டு. ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் 2008-இல் கண்டு சொன்னது. வெயில் கூடினால் அது குறையும் என்பதால் நம் பக்கத்து ஷிராஸில் அந்த மணம் லேசாகத்தான் இருக்கும். வாணலியில் இடித்துப் போட்ட மிளகு அதைத் தூக்கிக் கொடுக்கும்.